18 மீட்டர் ராட்சதனின் ஓர் அடி

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் யமாஷிதா என்றொரு கப்பல்துறை இருக்கிறது. 2020 டிசம்பர் 19 முதல் 2024 மார்ச் 31 வரை அங்கே போனவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எதிரே வெள்ளையும் நீலமும் சிவப்புமாக ஓர் இயந்திர மனிதன். உயரம் 18 மீட்டர், எடை 25 டன். அது தலையைத் திருப்பியது, கைவிரல்களை மடக்கியது, முழங்காலை மெல்ல உயர்த்தி ஒரு காலை முன்னே நீட்டியது. சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்த 'மொபைல் சூட் கன்டாம்' தொடரின் நாயக ரோபோ, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அசல் அளவிலேயே அவர்கள் முன் அசைந்தது.

உற்றுப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. ராட்சதனின் இடுப்பைப் பின்னாலிருந்து ஓர் எஃகுத் தாங்கி பிடித்திருந்தது. நடை பழகும் குழந்தையை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி நடத்துவதைப் போல, அத்தனை எடையையும் அந்தத் தாங்கிதான் சுமந்தது. கால்கள் நடக்கிற பாவனை காட்டின. உடலைச் சுமக்கவில்லை.

கன்டாம் தொடரின் முதல் அத்தியாயம் 1979 ஏப்ரல் 7 அன்று ஒளிபரப்பானது. அதன் ஜப்பானியத் தலைப்பை நேராகச் சொன்னால் 'கன்டாம் மண்ணில் எழுந்து நிற்கிறது' என்று வரும். ஓவியர்கள் அன்றே வரைந்து காட்டிய அந்தக் காரியம், 18 மீட்டர் உயரத்தில் பொறியாளர்களுக்கு இன்னும் கைகூடவில்லை. அதற்கான காரணத்தைத் தேடிப் போனால் ராட்சத ரோபோ வரும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களான அனிமே முழுவதையும் வேறு கண்ணோடு பார்க்கலாம். இந்தத் தொடர்கள் இயற்பியலை எங்கே மீறுகின்றன, எங்கே வியக்கும்படி மதிக்கின்றன என்பது புரியத் தொடங்கும்.

வரிசையில் வந்த ராட்சதர்கள்

ஜப்பானிய ராட்சத ரோபோக்களின் கதை 1956இல் மிட்சுதெரு யோகோயாமா வரையத் தொடங்கிய 'டெட்சுஜின் 28' என்ற படக்கதையிலிருந்து தொடங்குகிறது. அந்த இரும்பு மனிதனை ஒரு சிறுவன் வெளியே நின்று ரிமோட்டில் இயக்குவான். 1972இல் கோ நாகாயின் 'மசிங்கர் இசட்' வந்தபோது ஓட்டுநர் ரோபோவின் தலைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார். 1979இல் இயக்குநர் யோஷியுகி டோமினோவும் இயந்திர வடிவமைப்பாளர் குனியோ ஒகாவாராவும் சேர்ந்து உருவாக்கிய கன்டாமில் ரோபோ ஒரு படைக்கலம் ஆயிற்று. அதற்கு எரிபொருள் தீரும், குண்டு தீரும், மூட்டு தேயும். முதல் ஒளிபரப்பில் போதிய பார்வையாளர்கள் கிடைக்காமல், 52 அத்தியாயங்களாகத் திட்டமிட்ட தொடர் 43இல் முடிக்கப்பட்டது. மறு ஒளிபரப்பும், 1980இல் பண்டாய் நிறுவனம் விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் மாதிரிகளும் அதைத் தூக்கி நிறுத்தின.

இந்தத் தொடர்கள் ரோபோக்களுக்கு உயரமும் எடையும் எண்ணிலேயே குறித்து வைத்திருக்கின்றன. அந்த எண்கள் கையில் இருந்தால், பென்சிலும் தாளும் எடுத்து எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஹால்டேனின் கணக்கு

ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். உயரம் 10 மடங்காகும். எலும்பையோ தூணையோ குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பு 10 × 10, அதாவது 100 மடங்காகும். கன அளவும் அதோடு எடையும் 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்காகும். சுமையைத் தாங்கும் வலிமை குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆயிரம் மடங்கு எடையை நூறு மடங்கு எலும்பு தாங்க வேண்டுமென்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பத்து மடங்கு அழுத்தம் விழும். கலிலியோ 1638இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் இதை விளக்கி, ஒரு சாதாரண எலும்பையும் ராட்சதனுக்கு வேண்டிய பருத்த எலும்பையும் அருகருகே வரைந்து காட்டியிருக்கிறார்.

உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே விதியைச் சிறுவயதில் படப் புத்தகத்தில் பார்த்த இரண்டு ராட்சதர்கள் மேல் போட்டுப் பார்த்தார். அவர்களின் உயரம் 60 அடி. மனிதத் தொடையெலும்பு உடல் எடையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு சுமையில் முறியும். ஆகவே அந்த ராட்சதர்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தொடை முறியும் என்று அவர் முடித்தார். 60 அடி என்பது 18 மீட்டரைச் சற்றே தாண்டும். கன்டாமின் உயரமும் மசிங்கர் இசட்டின் உயரமும் அதே 18 மீட்டர். ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார். ராட்சத ரோபோக்களின் காலம் வருமுன்பே அவற்றின் கால் எலும்புக்குக் கணக்குப் போட்டு வைத்தவர் அவர்.

எஃகு எலும்பைவிட வலியது. அந்தச் சிக்கலை உலோகத்தால் ஓரளவு சமாளிக்கலாம். எடைதான் சமாளிக்க முடியாதது. 1.8 மீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒருவரைப் பத்து மடங்கு ஆக்கினால் 75 டன் வரும். கன்டாமின் அறிவிக்கப்பட்ட வெற்றெடை 43.4 டன். மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட நீரின் அடர்த்தி என்பதால், மனித வடிவத்தில் அவ்வளவு பெரிய உடல் 43.4 டன்தான் என்றால் அதன் சராசரி அடர்த்தி நீரில் ஏறக்குறைய 0.58 பங்கு. எஃகின் அடர்த்தியோ நீரைப் போல ஏழே முக்கால் மடங்கு. ஆக, திரையில் தெரியும் கவச வீரன் கடலில் விழுந்தால் மரக்கட்டைபோல மிதப்பான். 20 டன் என்று சொல்லப்படும் மசிங்கர் இசட் இன்னும் மேலே நிற்கும். யோகோஹாமாவின் 25 டன் உருவமும் எஃகுச் சட்டகத்தின் மேல் இலேசான இழைப் பிளாஸ்டிக் ஓடு போர்த்தியதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு தொடர் கச்சிதமாக நிற்கிறது. 1980களின் இறுதியில் வந்த 'பேட்லேபர்' தொடரில் டோக்கியோ போலீஸ் பயன்படுத்தும் இங்கிராம் ரோபோவின் உயரம் 8.02 மீட்டர், முழு ஆயத்த எடை 6.62 டன். அதே 75 கிலோ மனிதரை 8.02 மீட்டருக்கு வளர்த்துப் பார்த்தால் 6.63 டன் வருகிறது. மனிதனின் அடர்த்தி அப்படியே இருக்கிறது. அந்தத் தொடரில் ரோபோக்கள் டிரெய்லர் லாரியில் படுத்தபடி சம்பவ இடத்துக்குப் போகும். மெக்கானிக்குகள் இராப்பகலாக மூட்டுகளைப் பழுது பார்ப்பார்கள். எடை என்ற ஒன்று இருக்கிறது என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது.

கையை நீட்டி நிற்பதற்கு ஆயிரம் கார்

எலும்பு தாங்கினாலும் தசை தாங்க வேண்டும். ஒரு மனிதக் கை 4 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதன் எடைமையம் தோளிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால், கையைப் பக்கவாட்டில் நீட்டி வைத்திருக்கத் தோள் தர வேண்டிய திருப்புவிசை சுமார் 12 நியூட்டன்-மீட்டர். பத்து மடங்கு ராட்சதனுக்குக் கையின் எடை ஆயிரம் மடங்காகிறது, நெம்புகோலின் நீளமும் பத்து மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் பத்தாயிரம் மடங்கு, அதாவது 1,20,000 நியூட்டன்-மீட்டர். ஒரு சிறிய காரின் இன்ஜின் தருவது 100 நியூட்டன்-மீட்டர் சொச்சம். அப்படிப்பட்ட ஆயிரம் இன்ஜின்களின் திருப்புவிசை, கையை நீட்டிச் சும்மா நிற்பதற்கே செலவாகிவிடும்.

பல்சக்கரங்களைக் கோத்துத் திருப்புவிசையைப் பெருக்க வழி உண்டு. பெருக்கப் பெருக்க வேகம் குறையும். யோகோஹாமா ராட்சதன் ஒவ்வோர் அசைவையும் அவ்வளவு நிதானமாகச் செய்ததற்கு இந்தப் பேரமும் ஒரு காரணம்.

ஓர் அடிக்கு எத்தனை விநாடி

நிதானம் என்பது மோட்டாரின் பலவீனம் மட்டும் அல்ல. பெரிய உடலுக்குக் காலமே மெதுவாக ஓடும். நடக்கும்போது கால் ஊசல்போல ஆடுகிறது. ஊசலின் ஆட்ட நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்து மடங்கு நீளமான கால், 10இன் வர்க்கமூலமான 3.16 மடங்கு மெதுவாக ஆடும். மனிதர் ஓர் அடி வைக்க அரை விநாடிக்குச் சற்று அதிகமாகும் என்றால், 18 மீட்டர் ராட்சதனுக்கு ஒன்றே முக்கால் விநாடி ஆகும். அடியின் நீளம் பத்து மடங்கு என்பதால் மொத்த வேகம் குறையாது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும் மனிதருக்கு ஈடாக அது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் நடக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் அது மந்தகதி.

ஜப்பானியத் திரைக் கலைஞர்கள் இந்த வர்க்கமூலத்தை ராட்சத ரோபோ அனிமேக்கு முன்பே கைவசப்படுத்தியிருந்தார்கள். 1954இல் வந்த 'கோஜிரா' படத்தில் எய்ஜி சுபுராயாவின் குழு, 25இல் ஒரு பங்கு அளவில் செய்த டோக்கியோ நகரத்தை ராட்சத மிருகத்தின் ரப்பர் உடை அணிந்த நடிகரை வைத்து மிதிக்கவைத்தது. அப்படிப்பட்ட காட்சிகளைக் கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து, சாதாரண வேகத்தில் காட்டுவார்கள். அளவு 25இல் ஒரு பங்கு என்றால் கணக்குப்படி வேகம் 5 மடங்கு. இடிந்து விழும் ஓடு நிதானமாக விழுந்தால், அது வெகு உயரத்திலிருந்து விழுவதாக நம் கண் நம்பிவிடும்.

அனிமேயில் கேமராவுக்குப் பதில் பென்சில். தொலைக்காட்சி அனிமேயில் செலவைக் குறைக்க ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். அப்போது விநாடிக்கு 8 ஓவியங்கள் போதும். மனிதரின் ஓர் அடி அதில் நான்கைந்து ஓவியங்களில் முடிந்துவிடும். 18 மீட்டர் ரோபோவின் அடிக்கு ஏறக்குறைய பதினான்கு ஓவியங்கள் வேண்டும். பாதம் தரையைத் தொட்டு, முழங்கால் மடங்கி, ஒரு கணம் தாமதித்துத் தோள் கீழே இறங்கினால் பார்க்கிறவர் நெஞ்சில் டன் கணக்கில் எடை விழும். அந்தத் தாமதத்தை விழுங்கிவிட்டுப் பூனைபோலத் துள்ளவைத்தால், எத்தனை மாடிக் கட்டடத்தைப் பக்கத்தில் வரைந்தாலும் அது பொம்மையாகவே தெரியும்.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்

நடக்கும்போது நம் உடல் ஒவ்வோர் அடிக்கும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. ராட்சதனின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது 40 முதல் 50 சென்டிமீட்டர். ஆனால் ஆட்டம் 3.16 மடங்கு மெதுவாக நடப்பதால், அவர் உடல் உணரும் முடுக்கம் நாம் சாதாரணமாக நடக்கும்போது உணர்வதுதான். தூக்கிப் போடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது குமட்டலுக்கு. கடலில் வாந்தியை அதிகம் வரவழைப்பது ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவு. 18 மீட்டர் ரோபோ அதைவிட வேகமாக ஆடுகிறது. 80 மீட்டர் உயரமாக இருந்தால் ஆட்டம் மூன்றரை விநாடியைத் தாண்டி, அந்த ஆபத்தான எல்லையை நெருங்கும்.

விழுந்தால்? வெட்டிய மரம்போல விறைப்பாகச் சாய்ந்தால் 18 மீட்டர் உயரத் தலை தரையை மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். 10 மீட்டர் உயரத்தில், வயிற்றுப் பகுதியில் இருக்கும் ஓட்டுநர் மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவார். மனிதர் விழுவதும் எழுவதும் அன்றாடம். ராட்சதனுக்கு முதல் வீழ்ச்சியே கடைசியாகிவிடும்.

ஆய்வுக்கூடங்களில் விழுந்து எழும் பயிற்சி மனித அளவு ரோபோக்களிடமே நடக்கிறது. ஜப்பானின் தேசிய ஆய்வு நிறுவனமான ஏஐஎஸ்டி, கவாடா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எச்ஆர்பி-2 ரோபோ 154 சென்டிமீட்டர் உயரமும் 58 கிலோ எடையும் கொண்டது. அது தரையில் படுத்த நிலையிலிருந்து தானே எழுந்து நின்று காட்டியது. அதன் வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் யுதாகா இசுபுச்சி. பேட்லேபரின் இங்கிராமை வடிவமைத்த அதே கலைஞர் அவர்.

ஐந்து நிமிட பேட்டரி

1995இல் ஹிடியாகி அன்னோ இயக்கிய 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' 26 அத்தியாயங்கள் கொண்டது. அதில் வரும் ராட்சதர்களின் உயரம் காட்சிக்குக் காட்சி மாறும். எடைக் கணக்கில் அது தேறாது. ஆனால் ஆற்றல் கணக்கில் அதற்கு இணை இல்லை. அந்த ராட்சதர்களின் முதுகிலிருந்து தொப்புள்கொடிபோல ஒரு மின்கம்பி பின்னால் நீளும். அது அறுந்தால் உள்ளிருக்கும் பேட்டரி ஐந்து நிமிடம்தான் தாங்கும். திரையில் ஓடும் அந்தக் கடிகாரம்தான் பல சண்டைகளின் முடிவைத் தீர்மானிக்கிறது.

கம்பி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. எடையை நகர்த்தும் செலவில் மனிதர் சிக்கனமானவர். அதே அளவையில் ஹோண்டாவின் அசிமோ ரோபோ மனிதரைப் போலப் பதினாறு மடங்கு ஆற்றலைச் செலவிட்டதாக 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. 60 டன் முழு எடையோடு கன்டாம் மணிக்கு 16 கிலோமீட்டர் நடந்தால், மனிதரின் சிக்கனத்தோடு 500 கிலோவாட் போதும். அசிமோவைப் போல நடந்தால் 8,000 கிலோவாட் தாண்டும். நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 மின் இன்ஜின்கள் ஏறக்குறைய இரண்டு சேர்ந்து தரும் ஆற்றல் அது. அந்த இன்ஜின்களும் தலைக்கு மேலே கம்பியில் தொட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன.

எவாஞ்சலியனில் ஓட்டுநர் அறை முழுக்க ஆக்சிஜன் கலந்த திரவம் நிரப்பப்படும். ஓட்டுநர்களான சிறுவர்கள் அதையே சுவாசிப்பார்கள். இதுவும் வெறும் கற்பனை இல்லை. 1966இல் லீலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் ஆக்சிஜன் கலந்த ஃபுளோரோகார்பன் திரவத்தில் எலிகளை மூழ்கவைத்து, அவை திரவத்தைச் சுவாசித்தே உயிர்வாழ்வதை நிரூபித்தார்கள்.

எடை இல்லாத இடத்தில்

கன்டாமின் பல சண்டைகள் விண்வெளியில் நடக்கின்றன. ஹால்டேனின் விதி அங்கே பிடி தளர்த்துகிறது. தாங்குவதற்கு எடை இல்லை, விழுவதற்குத் தரை இல்லை. அப்படியானால் கையும் காலும் எதற்கு? தொடரின் உலகம் இதற்கு அருமையான பதில் வைத்திருக்கிறது: உடலைத் திருப்புவதற்கு. கையை ஒருபக்கம் வீசினால் உடல் மறுபக்கம் திரும்பும். எரிபொருளைப் பீய்ச்சாமலே திசை மாறலாம். தலைகீழாக விழும் பூனை நான்கு காலில் இறங்குவதும் இப்படித்தான். எட்டியென்-ஜூல் மாரே 1894இல் அதைத் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். சர்வதேச விண்வெளி நிலையமும் இதே கோண உந்த விதியை நம்பித்தான் திரும்புகிறது. அங்கே கைகளுக்குப் பதில் நான்கு பெரிய சுழலிகள்.

மக்கள் வாழும் விண்குடியிருப்புகளும் கற்பனையில் முளைத்தவை அல்ல. பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் 1970களில் முன்வைத்த, 6.4 கிலோமீட்டர் விட்டமும் 32 கிலோமீட்டர் நீளமும் கொண்ட சுழலும் உருளைகளே அவற்றுக்கு மூலம். அந்த உருளை 113 விநாடிக்கு ஒருமுறை சுழன்றால் உள்சுவரில் நிற்பவர் பூமியில் நிற்பதைப் போலவே உணர்வார். தொடரில் இவை பூமிக்கும் நிலவுக்கும் உரிய லக்ராஞ்சு புள்ளிகளில், அதாவது ஈர்ப்பும் சுழற்சியும் சமன்படும் இடங்களில், நிறுத்தப்பட்டிருக்கின்றன. 2024 ஜனவரி 6 அன்று இந்தியாவின் ஆதித்யா எல்-1 போய்ச் சேர்ந்த இடமும், பூமிக்கும் சூரியனுக்கும் உரிய அப்படியொரு புள்ளிதான்.

முதல் அத்தியாயத்தில் கன்டாம் எழுந்து நின்ற 'மண்' அப்படிப்பட்ட உருளை ஒன்றின் உள்சுவர். கன்டாமை ஓட்டும் 15 வயது அமுரோ எதிரி ரோபோவை வெட்ட, அதன் அணு உலை வெடித்துச் சுவரில் ஓட்டை விழுகிறது. காற்று வெளியே பாய்கிறது. அவனுடைய தந்தையையே இழுத்துச் செல்கிறது. இரண்டாவது எதிரியை அவன் உலையைத் தொடாமல் ஓட்டுநர் அறையை மட்டும் குத்தி வீழ்த்துகிறான். வெற்றிடம் என்றால் என்ன என்பதை இருபது நிமிடக் கதைக்குள் குழந்தைகளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாடம் அரிது.

துறைமுகத்திலிருந்து தண்டவாளத்துக்கு

நிஜ உலகின் பொறியாளர்கள் இந்தப் பாடங்களை ஏற்றுக்கொண்டே வேலை செய்கிறார்கள். டோக்கியோவின் சுபாமே நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆர்காக்ஸ், மார்புக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டும் ரோபோ. 4.5 மீட்டர் உயரம், 3.5 டன் எடை. கால்களின் நுனியில் சக்கரம். மேற்கு ஜப்பான் ரயில்வே 2024 ஜூலையில் பணியில் இறக்கிய இயந்திரத்துக்கு மனிதனின் தலையும் தோளும் கைகளும் உண்டு, கால் இல்லை. தண்டவாளத்தில் ஓடும் லாரியின் கிரேன் நுனியில் அமர்ந்து 12 மீட்டர் உயரம்வரை எட்டி, 40 கிலோவரை தூக்கும். ஓட்டுநர் கீழே லாரிக்குள் இருந்து, தலையில் மாட்டிய திரையின் வழியே அதன் கண்களால் பார்த்து இயக்குகிறார். ஏணியில் ஏறி மின்கம்பி வேலை பார்க்கும் தொழிலாளர் விழுந்தோ மின்சாரம் தாக்கியோ இறப்பதைத் தடுப்பதும் அது வந்ததன் ஒரு நோக்கம். ராட்சத ரோபோக் கனவு நிஜ மனிதருக்குச் செய்திருக்கும் உருப்படியான உதவி இதுவென்று தயங்காமல் சொல்லலாம்.

யோகோஹாமா ராட்சதனைக் கழற்றிய பிறகு, அதன் பாகங்களைக் கொண்டு 2025 ஒசாகா உலகக் கண்காட்சியில் மறுபடி ஒரு கன்டாமை நிறுத்தினார்கள். இந்த முறை நடக்கிற பாவனைகூட இல்லை. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையை வானை நோக்கி உயர்த்தியிருந்தது. அந்த நிலையில் உயரம் 17 மீட்டருக்குச் சற்றே குறைவு.

வீட்டில் பிள்ளைகள் ராட்சத ரோபோ தொடர் பார்க்கும்போது கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். ரோபோ எத்தனை மீட்டர் என்று அவர்களிடமே கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். அதை மனிதரின் உயரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பாதியாக்குங்கள். ஓர் அடி வைக்க அந்த ராட்சதனுக்கு ஏறத்தாழ அத்தனை விநாடி ஆக வேண்டும். பிறகு இருவருமாகச் சேர்ந்து, பாதம் தூக்கியதிலிருந்து தரையைத் தொடும்வரை எண்ணிப் பாருங்கள்.